டாக்டர் வீட்டில் இல்லாத சான்றிதழ்

அப்பா இறந்து ஒரு வருடம் ஆகப் போகிறது. அவரோடு வேலை பார்த்த இரண்டு மூத்த செவிலியர்களும் ஒரு மயக்க மருத்துவரும் சேர்ந்து சின்னதாக ஒரு நினைவு மலர் கொண்டுவர முடிவு செய்து, மகள் என்ற முறையில் என்னிடம் நான்கு பக்கம் கேட்டார்கள். எழுத உட்கார்ந்தால் அப்பாவின் முகம் வருவதற்கு முன்னால் விண்ணப்ப எண்கள் வருகின்றன. முத்திரைத்தாள், நோட்டரி, "அடுத்த வாரம் வந்து பாருங்கள் டீச்சர்". அவரை நினைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டிய மாதங்களை ஜெராக்ஸ் கடை வாசல்களில் கழித்தேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. மலருக்கு ஒன்று எழுதிக் கொடுத்துவிட்டேன், அதில் எல்லாம் நல்லபடியாக இருக்கும். அதில் சேர்க்க முடியாததை இங்கே எழுதுகிறேன். வயதான பெற்றோர் இருக்கிற யாருக்காவது முன்கூட்டியே தெரிந்தால் நல்லது என்று தோன்றுகிறது. எனக்கு யாரும் சொல்லவில்லை.

முதலில் அவர் யார் என்று சொல்லிவிடுகிறேன். 1948-ல் பென்னாகரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். ஸ்டான்லியில் எம்.பி.பி.எஸ்., மதுரையில் எம்.எஸ். படித்துவிட்டு ஊர்ப்பக்கமே வேலை கேட்டு வந்தார். பென்னாகரம், அரூர், தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி, கடைசியில் தர்மபுரி என்று அரசு மருத்துவமனைகளிலேயே காலம் முடிந்தது. அவர் சேர்ந்தபோது இவை எல்லாம் ஒரே மாவட்டம். 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது, "நான் ஒரு பக்கமும் நகரவில்லை, மாவட்டம்தான் என்னைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டது" என்றார். இரண்டு வருடம் கழித்து, 58 வயதில் ஓய்வு. அதன்பிறகு வீட்டு முன்னறையில் ஒரு மேசை, ஒரு படுக்கை, அம்மா தைத்த பச்சைத் திரை. கையில் இருப்பதைக் கொடுப்பார்கள், சிலர் ஒரு படி கேழ்வரகு கொண்டுவந்து வைப்பார்கள். எண்ணிப் பார்த்து வாங்கியதாக எனக்கு நினைவில்லை.

அவர் தலைமுறை அறுவை மருத்துவருக்கு இந்தப் பக்கத்தில் அன்றாடச் சோறு வயிற்றுப்புண்தான். வெறும் வயிற்றில் வேலைக்குப் போய், கண்ட நேரத்தில் களி தின்று, பீடியும் சாராயமும் சேர்ந்து, ஒருநாள் இரைப்பையில் ஓட்டை விழுந்து, வயிறு பலகை போல விறைத்துக் கட்டிலோடு தூக்கி வருவார்கள். அமிலம் சுரக்கத் தூண்டும் வேகஸ் நரம்பை வெட்டி, இரைப்பையைச் சிறுகுடலோடு இணைத்துவிடுவது அன்றைய வைத்தியம். பிறகு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகள் வந்தன; புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் ஒரு கிருமி என்று தெரியவந்தது. ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல் என்ற மருத்துவர் 1984-ல் அந்தக் கிருமியைத் தானே குடித்துக் காட்டினார். 2005-ல் அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு அறிவித்த செய்தியை அப்பா கத்தரித்து நாட்குறிப்புக்குள் வைத்திருந்தார். "நான் பாதி வாழ்க்கை வெட்டிய வெட்டெல்லாம் இரண்டு வார மாத்திரையில் அடங்கிவிட்டது கண்ணு" என்று சொல்லிச் சிரித்தார். வருத்தமே இல்லை. தன் கைத்தொழில் தேவையில்லாமல் போனதில் இவ்வளவு சந்தோஷப்பட்ட இன்னொரு ஆளை நான் பார்த்ததில்லை.

தை பிறந்தால் கிருஷ்ணகிரிப் பக்கம் எருது விடும் விழாக்கள் ஆரம்பமாகிவிடும், அப்பாவுக்கு அது வேலைக் காலம். கொம்பு குத்திய காயம் வெளியே ஒரு ரூபாய் நாணய அகலம் இருக்கும், உள்ளே கை போகும் என்பார். அதை உடனே தைத்து மூடிவிடக் கூடாது, கழுவித் திறந்தே வைக்க வேண்டும். அழுக்கை உள்ளே வைத்துத் தைத்தால் சீழாகத் திரும்பி வரும். சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார். ஊரார் யாராவது அதியமான், ஔவை என்று மேடையில் புகழ ஆரம்பித்தால், "அந்த நெல்லிக்கனி என்னிடம் இல்லை ஐயா, ஊசியும் நூலும்தான் இருக்கிறது" என்று முடித்துவிடுவார். பிள்ளைகளுக்காக அவர் செய்த ஒரே ஆடம்பரம் மாம்பழம். மல்கோவாவைத் தோல் அறுபடாமல் ஒரே சுருளாகச் சீவி, அந்தச் சுருளை முதலில் அண்ணன் கையில் கொடுப்பார், அடுத்த பழத்தின் சுருள் எனக்கு.

இறந்தது வீட்டிலேயே, தூக்கத்தில், விடியற்காலையில். அம்மா போன் செய்தவுடன் கிருஷ்ணகிரியிலிருந்து நானும் கணவரும் கிளம்பினோம். காவேரிப்பட்டினம் தாண்டும்போதே கண் வங்கிக்குச் சொல்லிவிட்டேன். இது அப்பா எனக்குப் பாடம் போலச் சொல்லி வைத்திருந்தது: ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், கண்ணை மூடிவிட்டு ஈரப்பஞ்சு வை, மின்விசிறியை நிறுத்து, தலைக்கு ஒரு தலையணை உயரம் கொடு. கண்புரை அறுவை செய்துகொண்டவரும் கொடுக்கலாம், சர்க்கரை இருந்தாலும் கொடுக்கலாம். உயிரோடு இருக்கும்போது உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் கடைசியில் குடும்பத்தார்தான் சம்மதம் தர வேண்டும். எங்கள் வீட்டில் சில உறவினர்கள் முகம் சுளித்தார்கள். அம்மா ஒரே வார்த்தையில் வாயடைத்துவிட்டார். எல்லா வேலையிலும் இது ஒன்றுதான் தங்குதடை இல்லாமல் நடந்தது, அதுவும் அவர் சொல்லி வைத்திருந்ததால்.

வீட்டில் இறந்தால் ஒரு மருத்துவர் வந்து பார்த்து இறப்புக்கான காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். அப்பாவிடம் படித்த ஒருவர் வந்து எழுதிக் கொடுத்தார். மருத்துவமனையில் இறந்தால் பதிவுக்கான தகவலை அவர்களே அனுப்பிவிடுவார்கள். வீட்டில் என்றால் நாம்தான் தெரிவிக்க வேண்டும், நகராட்சி எல்லையில் நகராட்சியில், கிராமம் என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம். 21 நாளுக்குள் சொல்லிவிட்டால் கட்டணம் இல்லை. பெயரை எழுதிக் கொடுக்கும்போது அழுதுகொண்டே எதையாவது எழுதிவிடாதீர்கள். ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே, முன்னெழுத்து முன்னால் என்றால் முன்னால், பின்னால் என்றால் பின்னால். பின்னால் வரும் ஒவ்வொரு அலுவலகமும் இந்தத் தாளை வைத்துத்தான் மற்றத் தாள்களை அளக்கும்.

அண்ணன் கனடாவிலிருந்து வந்து, பதினாறாம் நாள் காரியம் முடித்துவிட்டுத் திரும்பினான். அவன் மேல் குறை சொல்வதற்கில்லை, விடுமுறை அவ்வளவுதான். ஆனால் அவன் விமானம் ஏறியதும் மிச்சம் எல்லாம் என் தலையில் விழுந்தது. போவதற்கு முன், அவன் சார்பில் நான் கையெழுத்துப் போட அவனிடம் ஒரு பொது அதிகாரப் பத்திரம் வாங்கியிருக்கலாமே என்று பலர் கேட்டார்கள். அந்த வாரத்தில் எந்த வீட்டில் யாருக்கு அது தோன்றும்? அவன் அங்கிருந்தே இந்தியத் தூதரக அலுவலகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பினான். வெளிநாட்டிலிருந்து வரும் அதிகாரப் பத்திரத்துக்கு, அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். தபால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள், அதில் உள்ள தேதி பயன்படும்.

அப்பாவின் காகிதங்கள் ஒரு பச்சை டிரங்குப் பெட்டியில் இருந்தன. ஒவ்வொரு கட்டும் வெள்ளை நாடாவால் கட்டப்பட்டு, மேலே அவருடைய முடிச்சு. சாதாரண முடிச்சில் நூலை ஒருமுறை உள்ளே விட்டு இழுப்போம்; அவர் முதல் சுற்றிலேயே இருமுறை விட்டு இழுப்பார், அடுத்த சுற்று போடும்வரை அது நழுவாது. தையலுக்குப் போடுகிற அதே முடிச்சு. நகத்தால் பிரிக்கவே முடியவில்லை. அம்மா கத்தரிக்கோலை எடுத்து வந்தார். எனக்கு வெட்ட மனம் வராமல் ஊசி நுனியால் நெம்பி நெம்பி ஒவ்வொன்றாக எடுத்தேன். பட்டங்கள், மருத்துவக் கவுன்சில் பதிவு, இடமாறுதல் உத்தரவுகள், ஓய்வூதியக் கொடுப்பாணை, எல்லாம் வருட வாரியாக. இவ்வளவு ஒழுங்கான மனிதரின் வீட்டில் இனி என்ன சிக்கல் வரப்போகிறது என்று அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

முதல் முட்டல் குடும்ப ஓய்வூதியத்தில். மாநில அரசு ஓய்வூதியர் இறந்தால் உடனே கருவூலத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இறந்த நாளுக்குப் பிந்தைய பணம் கணக்கில் வந்துவிட்டால் திருப்பிக் கட்ட நேரும், அதனால் அந்தக் கணக்கிலிருந்து ஏடிஎம் அட்டையை வைத்து எடுக்கவே கூடாது. மனைவிக்குக் கிடைப்பது கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 சதவீதம், அதற்கு மேல் அகவிலைப்படி. அதோடு, ஓய்வூதியத்திலிருந்து மாதாமாதம் பிடித்துவந்த குடும்பப் பாதுகாப்பு நிதியிலிருந்து 50,000 ரூபாய் தனியாக உண்டு. பல வீடுகளில் இதைக் கேட்பதே இல்லை. எங்களுக்குப் பிரச்சினை அம்மாவின் பெயர். கொடுப்பாணையில் பெயருக்குப் பின்னால் 'அம்மாள்' என்று இருக்கிறது, முன்னெழுத்து அப்பாவுடையது. ஆதாரில் 'அம்மாள்' இல்லை, முன்னெழுத்து தாத்தாவுடையது. வங்கியில் இரண்டு முன்னெழுத்தும் உண்டு. பிறந்த வருடத்திலும் ஒரு வருட வித்தியாசம். சாளரத்தில் இருந்தவர் தன்மையாகவே பேசினார். அவருக்கு அப்பாவையும் தெரியும். தெரிந்து என்ன செய்ய, காகிதத்தில் மூன்று பெண்கள் இருக்கிறார்கள். மூவரும் ஒருவரே என்பதற்குச் சான்று, உறுதிமொழிப் பத்திரம், அப்பா ஓய்வுபெற்ற துறையிலிருந்து கடிதம், சென்னையில் மாநிலக் கணக்காயர் அலுவலகத்திலிருந்து திருத்தம் என்று அது நீண்டது. அத்தனை மாதமும் அம்மாவுக்கு ஒரு பைசா இல்லை. பிறகு நிலுவையோடு வந்தது உண்மை. ஆனால், "உன் அப்பா போனதும் நான் உன் கையை எதிர்பார்க்க வேண்டியதாகிவிட்டதே" என்று அம்மா சொன்ன மாதங்கள் நிலுவையில் வரவில்லை. ஓய்வூதியர் உயிரோடு இருக்கும்போதே துணைவரின் பெயரையும் பிறந்த தேதியையும் கொடுப்பாணையில் சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். அந்தத் தேதி இன்னொன்றுக்கும் வேண்டும்: 80 வயது நிறைந்தால் கூடுதல் ஓய்வூதியம் உண்டு, குடும்ப ஓய்வூதியருக்கும் உண்டு.

இதெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆக்கியது வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டேன்: அம்மா, அண்ணன், நான், மூன்றே பேர். விசாரணைக்கு வந்தவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "டாக்டரின் அம்மா?" என்றார். 1998-லேயே இறந்துவிட்டார் என்றேன். "சான்று?" என்றார். அப்போதுதான் சட்டம் தெரிந்தது. 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன், மகள் ஆகியோருக்குச் சமமாக அவருடைய தாயும் முதல் நிலை வாரிசு. தந்தை அப்படி இல்லை, அடுத்த நிலைதான். ஆகவே பாட்டி உயிரோடு இல்லை என்பதை நான் நிரூபித்தாக வேண்டும். பாட்டியின் இறப்புச் சான்றிதழைப் பச்சைப் பெட்டியில் தேடினேன். இல்லை. பதிவேட்டில் தேடச் சொல்லிக் கேட்டேன். அங்கும் இல்லை. பாட்டியின் இறப்பு பதியப்படவே இல்லை. வாழ்நாளில் எத்தனை இறப்புக்குக் கையெழுத்துப் போட்டிருப்பாரோ, அவர் தன் தாயின் இறப்பைப் பதியவில்லை. அன்று அவர் மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. செத்துப்போன மனிதரை, படத்துக்கு முன்னால் நின்று, வாய்விட்டுத் திட்டினேன். அம்மா தடுக்கவில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்ட இறப்பைப் பதிய கோட்டாட்சியரின் உத்தரவு வேண்டும். அதற்கு முதலில், இப்படி ஒரு பதிவு எங்களிடம் இல்லை என்று பதிவாளரே எழுதிக் கொடுக்கும் சான்று வேண்டும். பிறகு மனு, உறுதிமொழிப் பத்திரம், ஊரில் விசாரணை, சாட்சிகள். தேதி தெரியாமல் இவற்றில் எதையும் தொடங்க முடியாது. ஆடி மாதம் என்பது அம்மாவுக்கு நினைவு இருந்தது, தேதி இல்லை. இந்த இடத்தில் ஒரு 'ஆள்' அம்மாவைப் பிடித்துக்கொண்டு, நான் பள்ளியில் இருந்த நேரத்தில் எட்டாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு, "எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் அம்மா" என்று சொல்லிப் போனார். போனவர் போனவர்தான். சாவு விழுந்த வீட்டை மோப்பம் பிடிக்க ஊருக்கு ஊர் சிலர் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் தனியாக இருக்கும் பெரியவரிடம் அவர்கள்தான் முதலில் வருவார்கள் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேதி கிடைத்தது அப்பாவின் குறிப்பேட்டில். மருத்துவமனைப் பதிவேடு தவிர, தான் செய்த ஒவ்வொரு அறுவையையும் ஒரு வரியில் சொந்தமாக எழுதி வைக்கும் பழக்கம் அவருக்கு. 1998-க்கான நோட்டில் ஆடி மாதப் பக்கங்களைப் புரட்டினேன். ஓர் இரவில், "தொப்பூர், லாரி. மண்ணீரல் கிழிசல். எடுத்தாயிற்று. 11.50 – 3.15" என்று இருந்தது. அடுத்த வரி, "அம்மா. 4.10." அதற்கடுத்த வரி, "குடலிறக்கம் இரண்டு – ஒத்திவைப்பு." வேறு ஒரு சொல்லும் இல்லை. மூன்று வரியும் ஒரே நீல மையில், ஒரே சாய்வில்.

தேதியோடு ஊருக்குப் போனேன். சாட்சி சொல்ல இருவர் வேண்டும். பங்காளி வீட்டுப் பெரியவர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்தபடியே சட்டையைத் தூக்கிக் காட்டினார், தொப்புளுக்கு மேலே நெட்டுக்குத்தாக அந்தத் தழும்பு, பழையதாகி வெளுத்துப் போய், இரு பக்கமும் தையல் புள்ளிகள் மட்டும் கறுத்து. பற்கள் எல்லாம் பழுப்பேறியவை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன்னால் ஃபுளோரைடு கலந்த ஆழ்துளைத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த தலைமுறை. "உன் அப்பன் போட்டது கண்ணு" என்றார். பாட்டி இறந்த இரவைக் கேட்டேன். "சாயங்காலமே ஆள் அனுப்பினோம். தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் வந்தான். டாக்டர் வந்து சேரும்போது பளபளவென்று விடிந்துவிட்டது, நாங்கள் குளிப்பாட்டி உட்கார வைத்துவிட்டோம்" என்றார்.

ஆக, அந்த 4.10 அவர் பார்த்து எழுதியது இல்லை, பிறர் சொல்லி எழுதியது. தாய்க்கு முடியவில்லை என்று தெரிந்த பிறகுதான் அந்த லாரிக்காரருக்காகத் தியேட்டருக்குள் போயிருக்கிறார். எங்கள் யாரிடமும் அவர் இதைச் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். "எனக்குத் தெரியும்" என்றார், அவ்வளவுதான், எழுந்து உள்ளே போய்விட்டார். பெருமைப்படுவதா, பாட்டிக்காகக் கண்ணீர் விடுவதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நினைவு மலரில் இதை எழுதினால் எல்லாரும் 'கடமை வீரர்' என்று ஒரு தலைப்புப் போட்டுவிடுவார்கள், அதனால் எழுதவில்லை. அந்தப் பதிவு ஏன் நடக்கவில்லை என்பதற்கும் ஒருவேளை இதுதான் காரணமாக இருக்கலாம், அல்லது எல்லா வீட்டிலும் போல அசதியாக இருக்கலாம். நான் அதைத் தோண்டவில்லை.

குறிப்பேடு சட்டப்படி பெரிய சாட்சியம் ஆகாது. ஆனால் அந்தத் தேதியை வைத்துத் தேடியதில் அம்மாவின் புடவைப் பெட்டி அடியில் கருமாதிப் பத்திரிகை கிடைத்தது, அதில் சிவலோகப் பதவி அடைந்த நாள் அச்சில் இருந்தது. பங்காளி வீட்டில் அன்று எடுத்த புகைப்படத்தின் பின்னால் ஸ்டுடியோ முத்திரையும் தேதியும் இருந்தன. இவையும் சாட்சிகளும் சேர்ந்துதான் மனு நின்றது. உத்தரவு வர மாதங்கள் ஆயின. அதன்பிறகு பாட்டிக்கு இறப்புச் சான்றிதழ், அதன்பிறகு அப்பாவுக்கு வாரிசுச் சான்றிதழ். உங்கள் வீட்டில் தாத்தா பாட்டி இறந்திருந்தால் அவர்களின் சான்றிதழ் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். இல்லையென்றால், விவரம் தெரிந்த பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே பதிந்துவிடுங்கள். எனக்குச் சாட்சி சொன்ன இருவரில் ஒருவர் இப்போது இல்லை.

வங்கிக் கதை சிறியது. அம்மாவும் அப்பாவும் சேர்ந்து, இருவரில் யாரும் அல்லது உயிரோடு இருப்பவர் எடுக்கலாம் என்ற முறையில் வைத்திருந்த கணக்கு இறப்புச் சான்றிதழோடு முடிந்தது. அப்பா தனியாக வைத்திருந்த பழைய வைப்பு ஒன்றில் நாமினி யார் என்று பார்த்தால், பாட்டி! நாமினி உயிரோடு இல்லையென்றால் நாமினியே இல்லாத கணக்கு போலத்தான். வாரிசுச் சான்றிதழ் வரும்வரை அது அசையவில்லை, முதிர்ந்த தேதிக்குப் பிறகான வட்டியிலும் அடி. இன்னொன்று, நாமினி என்றால் சொத்துக்கு உரிமையாளர் என்று பலர் நினைக்கிறார்கள். பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்க்க வேண்டிய ஆள், அவ்வளவே. 2025 நவம்பர் முதல் ஒரு வைப்புக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம், அம்மாவின் கணக்குகளில் போட்டுவிட்டேன்.

மருத்துவர் வீடு என்பதால் எங்களுக்கு இருந்த தனி வேலைகளையும் சொல்லிவிட வேண்டும். முதல் நாளே நான் செய்தது, அவருடைய மருந்துச்சீட்டுத் தாள்களையும் ரப்பர் முத்திரையையும் எடுத்துப் பூட்டியது; பிறகு தாள்களைக் கிழித்து எரித்து, முத்திரையைச் சிதைத்தேன். பதிவு எண்ணோடு கூடிய வெற்றுத்தாள் கெட்ட கையில் போனால் தூக்க மாத்திரையிலிருந்து போலி விடுப்புச் சான்று வரை எதற்கும் ஆகும். மருத்துவக் கவுன்சிலுக்கு இறப்பைத் தெரிவித்துக் கடிதம். முன்னறை கிளினிக்காகப் பதிவு பெற்றிருந்ததால் அதை மூடுவதாக மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்கு இன்னொரு கடிதம். நோயாளிகளின் குறிப்புகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மருத்துவர் அவற்றை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி, கேட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். இதயத்துக்குப் பலூன் சிகிச்சைக்குப் போகிற ஒருவர் பழைய அறுவை விவரம் கேட்டு வந்தார், அப்பாவின் ஒரு வரிக் குறிப்பு அவருக்குப் போதுமானதாக இருந்தது.

வருமான வரி இன்னொன்று. இறந்த நாள் வரைக்குமான வருமானத்துக்கு வாரிசு கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், அதற்கு வரித்துறை இணையதளத்தில் சட்டப்படியான வாரிசாக நம்மைப் பதிந்துகொள்ள வேண்டும். கார் வைத்திருந்தால் உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தகவலும், மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்ற விண்ணப்பமும் போக வேண்டும். அப்பாவின் கைப்பேசி எண்ணை நான் உடனே துண்டிக்கவில்லை. அவர் எங்கெங்கே என்னென்ன வைத்திருந்தார் என்பதை அதற்கு வந்த குறுஞ்செய்திகள்தான் காட்டிக் கொடுத்தன. ஒரு விபத்துக் காப்பீட்டுத் தவணை நினைவூட்டல் வந்திராவிட்டால் அப்படி ஒன்று இருந்ததே தெரிந்திருக்காது.

வழக்கறிஞர், நோட்டரி, முத்திரைத்தாள், சென்னைப் பயணம், அந்த எட்டாயிரம், சம்பளமில்லா விடுப்பு எல்லாம் கூட்டினால் அறுபதாயிரத்துக்குக் குறையாது. பணம் போகட்டும். பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பாடம் முடிக்க முடியாமல் சனிக்கிழமைகளில் பிள்ளைகளை வரவழைத்தேன். அவர்கள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. வீட்டில் என் மகன், "அம்மா, தாத்தா செத்ததிலிருந்து நீ எப்போதும் பைல்தான் பார்க்கிறாய்" என்றான். அலுவலகங்களில் அப்பாவைத் தெரிந்தவர்கள் பலர் இருந்தார்கள். டீ வாங்கிக் கொடுத்தார்கள், நாற்காலி போட்டார்கள், அவரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். ஒரு கோப்பும் அதற்காக ஒரு நாள் முன்னதாக நகரவில்லை. நகர்ந்திருந்தால் அப்பாவுக்குப் பிடித்திருக்காது என்பது வேறு விஷயம்.

மிச்சம் இருப்பது பென்னாகரம் பக்கத்து நிலம், ஒன்றரை ஏக்கர், மானாவாரி. பாட்டி பெயரிலிருந்து அப்பா பெயருக்கே இன்னும் மாறவில்லை. அப்பாவுக்கு இரண்டு தங்கைகள், அவர்களுக்கும் பங்கு உண்டு. ஒருவர் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதித் தரச் சம்மதித்திருக்கிறார், மூத்த அத்தை யோசிக்க வேண்டும் என்கிறார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பாட்டியின் சான்றிதழ் இப்போது கையில் இருப்பதால் வேலை தொடங்க முடியும். கோடை விடுமுறையில் அத்தை வீட்டுக்கு அம்மாவையும் அழைத்துக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன்.